வாங்காத போர்ஷேயும் வாங்கிய மாஸ்டாவும்

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரின் டிக்கி 130 லிட்டர். லிட்டர் கணக்கு யார் மனதிலும் நிற்காது என்பதால் வேறு மாதிரி சொல்கிறேன். பத்துக் கிலோ பொன்னி அரிசி மூட்டை ஒன்று, ஐந்து கிலோ இட்லி அரிசி, நாலு தேங்காய், ஒரு லிட்டர் நல்லெண்ணெய். அதற்கு மேல் ஒரு கொத்தமல்லிக் கட்டு வைத்தால் மூடியை அழுத்தித்தான் சாத்த வேண்டும். முருங்கைக்காய் உள்ளே போகவே போகாது. ஸ்டுட்கார்ட்டில் இலங்கைத் தமிழர் ஒருவர் நடத்தும் கடையில் சாமான் வாங்கிவிட்டு, கூரையைப் பின்னால் தள்ளி, முருங்கைக்காயைப் பக்கத்து சீட்டில் நிற்க வைத்து பெல்ட் போட்டு, நான் இருக்கும் லியோன்பெர்க் வரை ஓட்டி வந்திருக்கிறேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் அம்மா, இது என்ன செடி என்று கேட்டார். சாம்பார் என்றேன்.

இந்தக் காரை 2019 மே மாதம் வாங்கினேன். 2 லிட்டர் இன்ஜின், 184 குதிரைத்திறன், ஆறு கியர், கையால் போடும் கியர்தான். டீலர் தன் பெயரில் ஒரு நாள் மட்டும் பதிவு செய்து, பிறகு விலை குறைத்து விற்கும் வகை. 26,800 யூரோ ஆனது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் செல்லும் சீசன் நம்பர் பிளேட் போட்டிருக்கிறேன், அதனால் வரியும் இன்சூரன்ஸும் ஏழு மாதத்துக்குத்தான். ஏழு சீசன் முடிந்துவிட்டது, 61,000 கிலோமீட்டர். எட்டாவது சீசன் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கார் போர்வைக்குள் தூங்குகிறது, எனக்குக் கை அரிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்க நினைத்தது இதை இல்லை. நான் இருக்கும் ஊருக்கு ஒரு பக்கம் வைஸாக், அங்கே போர்ஷே தன் கார்களை உருவாக்கிச் சோதிக்கும் இடம். இன்னொரு பக்கம் சுஃபன்ஹவுசன், போர்ஷேயின் பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான 911 பிறக்கும் தொழிற்சாலை. எஸ்6 ரயிலில் போனால் போர்ஷேபிளாட்ஸ் ஸ்டேஷனில் இறங்கிய உடனே எதிரில் கால் ஊன்றாமல் அந்தரத்தில் நிற்கிற மாதிரி ஒரு வெள்ளைக் கட்டடம், அதுதான் மியூசியம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவேன். இந்த ஊரில் இருந்துகொண்டு வேறு கார் மேல் ஆசை வைப்பது, திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு மைசூர்பாகு கேட்பது மாதிரி.

911 எனக்கு எட்டாது என்று தெரியும். அதைவிட விலை குறைந்த போர்ஷேயான 718 கேமன் எட்டும் என்று நினைத்தேன். 2016-ல் அது வந்தபோது ஜெர்மனியில் 51,000 சொச்சம் யூரோ. மூன்று வருஷம் சேர்த்தேன். பிறகு ஒரு ராத்திரி அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் எனக்கான காரைக் கட்ட உட்கார்ந்தேன். அதைப் பற்றித் தனியாகவே ஒரு விமர்சனம் எழுதலாம், அவ்வளவு நேர்த்தியான வியாபாரம். முதலில் காட்டும் விலை இருக்கிறதே, அது கல்யாண மண்டப வாடகை மாதிரி. சேர், லைட்டு, ஜெனரேட்டர், கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாம் தனி. சூடாகும் சீட்டுக்கு ஒரு டிக். பின்னால் வரும்போது காட்டும் கேமராவுக்கு ஒரு டிக். சீட் பெல்ட் சிவப்பு நிறத்தில் வேண்டுமா, டிக். சாவியைக் காரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துத் தர வேண்டுமா, அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு எதிரே இருந்த தொகையைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இந்தச் சாவிக் காசுல எங்க அம்மாவுக்கு ரெண்டு தடவை டிக்கெட் போட்டுருக்கலாங்க" என்றாள். லேப்டாப்பை மூடிவிட்டோம்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காசு போதவில்லை, வாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மாஸ்டாவை ஓட்டிப் பார்த்தேன், முடிந்தது கதை.

முதலில் காரைச் சொல்லிவிடுகிறேன், விலைப் பேச்சு பிறகு.

எடை ஆயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு சாதாரண மின்சார எஸ்யூவி இதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். எடை குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில் படித்தால் புரியாது, ஒரு வளைவில்தான் புரியும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சோலிட்யூட் என்று ஒரு பழைய ரேஸ் டிராக். காட்டுக்குள் பதினொன்றரைக் கிலோமீட்டர், 1965 வரை பந்தயம் நடந்தது, 1962-ல் டான் கர்னி போர்ஷே ஓட்டி ஜெயித்த இடம். இப்போது அது சாதாரணப் பொதுச் சாலை. வேகக் கட்டுப்பாடு உண்டு, மீறினால் கேமரா பல்லைக் காட்டும். அந்த வேகத்துக்குள்ளேயே, மூன்றாவது கியரில், பள்ளத்தில் இறங்கி வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு இருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் உடம்பு லேசாகச் சாய்கிறது, பிறகு பின் சக்கரம் தரையைப் பிடிப்பது இடுப்பில் தெரிகிறது. சக்கரத்துக்கும் எனக்கும் நடுவில் யாரும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. 70 கிலோமீட்டர் வேகத்தில் இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்றால் 500 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கியர் ராடு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் தூரம் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. என் அப்பா கோயம்புத்தூர் கணபதியில் ரெண்டு லேத்து வைத்து ஓட்டியவர். அவர் இங்கே வந்திருந்தபோது ஒரு தடவை கியர் போட்டுப் பார்த்தார், நின்ற காரில்தான். ஒன்று, ரெண்டு, மூன்று, திரும்ப ரெண்டு. "லேத்து லிவர் மாறி உக்காருது கண்ணு" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு இயந்திரத்துக்கு வரும் அதிகபட்சப் பாராட்டு அது.

கூரை துணி. மோட்டார் கிடையாது. நடுவில் ஒரே ஒரு கொக்கி, அதைக் கழற்றி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் பின்னால் தள்ளலாம். சிக்னல் பச்சை ஆவதற்குள் முடிந்துவிடும். இன்ஜின் நிமிஷத்துக்கு 7,500 சுற்று வரை போகும், போகும்போது முனகாது.

இனி பிடிக்காதவை. ஜெர்மன் நெடுஞ்சாலையான ஆட்டோபானில் 130-ஐத் தாண்டினால் துணிக் கூரை போடும் சத்தத்தில் போன் பேச முடியாது. என் மனைவி இதைக் குறைகளில் சேர்க்கக் கூடாது என்கிறாள். தண்ணீர் பாட்டில் வைக்கும் வளையம் முழங்கைக்குப் பின்னால் இருக்கிறது, எடுக்க வேண்டுமென்றால் யோகாசனம். கையுறைப் பெட்டி என்று ஒன்று கிடையாது. ஆறடி தாண்டியவர்கள் வாங்குவதற்கு முன்பு கூரையைச் சாத்தி அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தலை இடிக்காவிட்டாலும் முழங்கால் ஸ்டீயரிங்கோடு சண்டை போடும். 2018-க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் இழுக்கலாம், அதற்கு முந்தையதில் அதுவும் முடியாது. செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் இதைக் கவனிக்கவும். மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. குழந்தை பிறந்த வீடு என்றால் வேறு கார் ஒன்று கட்டாயம்.

இவ்வளவுதான் கார். பெட்ரோல் எனக்கு நூறு கிலோமீட்டருக்கு 6.7 லிட்டர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் தகுதிச் சோதனையில் இதுவரை ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது விலை.

ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகள் பேராசை பிடித்து விலையை ஏற்றித் தங்கள் விற்பனையைத் தாங்களே கெடுத்துக்கொள்கின்றன என்று எங்கள் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் வாரம் ஒரு தடவையாவது யாராவது சொல்வார்கள். நானும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். போன டிசம்பரில், கார் போர்வைக்குள் போன பிறகு, கோபத்தோடு ஒரு கணக்குப் போட உட்கார்ந்தேன். கணக்கு என் பக்கம் நிற்கவில்லை.

2019-ல் 992 தலைமுறை 911-ன் அடிப்படை வகையான கரேரா ஜெர்மனியில் 104,655 யூரோவில் தொடங்கியது. 2024-ல் புதுப்பித்து வந்தபோது 128,700. ஐந்து வருஷத்தில் 23 சதவீத ஏற்றம். அநியாயம்தானே? ஆனால் அதே ஐந்து வருஷத்தில் ஜெர்மனியில் பொதுவான விலைவாசி ஏறியது ஏறக்குறைய 20 சதவீதம். என் பேக்கரியில் பிரெட்செல் ரொட்டி ஏறிய அளவுக்குக்கூட 911 ஏறவில்லை. விற்பனை? 2019-ல் உலகம் முழுக்க 34,800 கார்கள் 911. 2024-ல் 50,941. விலை ஏற ஏற வாங்குபவர் கூட்டம் கூடியிருக்கிறது.

மாஸ்டா பக்கம் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1989-ல் அமெரிக்காவில் இந்தக் கார் 13,800 டாலருக்கு வந்தது. அந்தக் காசுக்கு 2024-ல் மதிப்பு ஏறக்குறைய 35,000 டாலர். ஆனால் 2025-ல் அங்கே இதன் ஆரம்ப விலை 29,000 சொச்சம்தான். அதாவது முப்பத்தைந்து வருஷத்தில் கார் மலிவாகியிருக்கிறது, பாதுகாப்புப் பைகளும் இன்னும் நாற்பது சமாச்சாரங்களும் சேர்ந்த பிறகும். விற்பனை? 1990-ல் அமெரிக்காவில் மட்டும் 35,000-க்கு மேல் விற்றது. இப்போது எட்டாயிரம், ஒன்பதாயிரம். மலிவானது சரிந்திருக்கிறது, விலை ஏறியது வளர்ந்திருக்கிறது. காபி மெஷின் பொருளாதாரம் அங்கேயே விழுந்துவிட்டது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் ஒரே நிமிஷத்தில் விஷயத்தைப் பிடித்தார். "டை செலவைப் பாரு கண்ணு. ஒரு டைக்கு ரெண்டு லட்சம்னு வெச்சுக்க. ஆயிரம் பீஸ் ஓட்டுனா பீஸுக்கு இருநூறு. நூறு பீஸுன்னா ரெண்டாயிரம். கம்மியா ஓட்டறவன் வெல ஏத்தித்தான் ஆகோணும், இல்லீன்னா டையப் பங்குக்கு விடோணும்." டை என்றால் உதிரிபாகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சு. பீளமேட்டிலும் கணபதியிலும் பட்டறை வைத்திருக்கும் யாருக்கும் இது தெரியும். டையைப் பங்குக்கு விடுவதுதான் கார் உலகத்திலும் நடந்தது. மாஸ்டா இந்தக் காரின் அடிச்சட்டத்தை ஃபியட்டுக்குக் கொடுத்து 124 ஸ்பைடர் வந்தது. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து ஜிஆர்86-ம் பிஆர்ஸீடும் செய்தார்கள். பிஎம்டபிள்யூ இஸட்4-ம் டொயோட்டா சூப்ராவும் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் ஒரே கூரைக்கடியில் பிறந்தன. கடையைச் சாத்தியவர்களும் உண்டு: ஆடி டிடி 2023-ல், ஜாகுவார் எஃப்-டைப் 2024-ல்.

போர்ஷேக்கு இந்தத் தொல்லை குறைவு. எஸ்யூவி விற்ற காசு இருந்தது. 2022 செப்டம்பர் 29-ம் தேதி ஃபிராங்க்ஃபர்ட் பங்குச் சந்தைக்கு வந்தார்கள், ஒரு பங்கு 82.50 யூரோ. எண்ணிக்கையைவிட மதிப்பு முக்கியம், நூறு யூரோ வரவில் இருபது யூரோ லாபம் நிற்க வேண்டும் என்பதைத் தங்கள் நீண்டகால இலக்காக அறிவித்தார்கள். 2023-ல் கிட்டத்தட்ட எட்டியும் விட்டார்கள். வரவு 4,050 கோடி யூரோ, லாபம் 730 கோடி யூரோ, 3,20,000 கார்கள். மொத்தமாக வகுத்துப் பார்த்தால் கார் ஒன்றுக்கு 22,000 யூரோவுக்கு மேல் லாபம். என் மாஸ்டாவின் மொத்த விலையில் முக்கால் பங்குக்கும் அதிகம்.

பிறகு 2025. முதல் ஒன்பது மாதத்தில் லாபம் வெறும் 4 கோடி யூரோ. முந்தின வருஷம் இதே ஒன்பது மாதத்தில் 403 கோடி. நான் அப்பாவிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தப்பாச் சொல்றயா, கண்ணு?" என்றார். தப்பு இல்லை. மின்சாரக் கார், பேட்டரித் திட்டங்களை மாற்றி எழுதியது போன்ற தனிச் செலவுகளில் சுமார் 270 கோடி போனது. அமெரிக்காவில் தொழிற்சாலை இல்லாததால் அந்த ஊர் இறக்குமதி வரி அடி தனி. சீனாவில் 2021-ல் 95,671 கார் விற்றவர்கள் 2025-ல் 42,000-க்கு இறங்கினார்கள். செப்டம்பரில் ஜெர்மனியின் முதல்தரப் பங்குப் பட்டியலான டாக்ஸிலிருந்தும் இறக்கப்பட்டார்கள். பங்கு ஐம்பது யூரோவுக்குக் கீழே போனது. இத்தனைக்கும் நடுவில் 911 கார் 51,000-க்கு மேல் விற்று இன்னொரு நல்ல வருஷத்தை முடித்தது. சறுக்கியவை மற்றவற்றில் பெரும்பாலானவை. ஆக, ஸ்போர்ட்ஸ் காரின் விலை ஸ்போர்ட்ஸ் கார் விற்பனையைக் கெடுத்ததற்கு இந்த வீட்டில் சாட்சியம் இல்லை.

அப்படியானால் என் குறை என்ன? எனக்கு ஒரு குறை இருக்கிறது. அது எதிர்வீட்டுத் தாத்தாவிடமிருந்து வந்தது.

அவர் 1974-லிருந்து சுஃபன்ஹவுசனில் சீட்டுக்குத் தோல் தைத்தவர். எழுபத்தாறு வயதாகிறது. என் காரின் கூரைத் துணியில் ஒரு தையல் விட்டபோது, நான் கேட்காமலே ஊசியும் மெழுகு நூலும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வலது கை நடுவிரலில் தையற்காரர் போடும் தொப்பி போடவில்லை. அந்த விரலின் நுனித்தோலே தொப்பி மாதிரி காய்த்துப் போயிருந்தது. தைத்துக்கொண்டே எண்பதுகளின் கதையைச் சொன்னார். 1986-ல் கம்பெனி ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது, அமெரிக்காவுக்கு மட்டும் முப்பதாயிரம். அதில் பெரும்பங்கு 911 இல்லை, நாலு சிலிண்டர் 944. ஆரம்பத்தில் ஒரு பள்ளி ஆசிரியரும் வாங்க முடிந்த போர்ஷே. பிறகு டாலர் விழுந்தது. 1985-ல் ஒரு டாலருக்கு மூன்று ஜெர்மன் மார்க்குக்கு மேல் இருந்தது இரண்டே வருஷத்தில் ஏறக்குறைய பாதியானது. அமெரிக்காவில் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஜப்பான்காரன் அதே சுகத்தைப் பாதிக் காசுக்குக் கொடுத்தான். 1993-ல் அமெரிக்காவில் விற்றது நாலாயிரத்துக்கும் கீழே. "வாரத்துக்கு மூணு நாள் வேலை. மீதி நாள் வீட்டுல உட்கார்ந்து வேலி பெயின்ட் அடிச்சேன். எங்க தெருவுல அந்த வருஷம் எல்லா வேலியும் புதுசா இருந்துச்சு" என்றார்.

அப்போது கம்பெனித் தலைவராக வந்தவர் வீடெகிங். டொயோட்டாவில் வேலை பார்த்த ஜப்பானிய ஆலோசகர்களைத் தொழிற்சாலைக்குள் கூட்டி வந்தார். ஆள் உயரத்தைத் தாண்டி நின்ற உதிரிபாக ரேக்குகளைத் தலைவரே ரம்பம் எடுத்து மேல்பாதியை அறுத்துத் தள்ளியது அங்கே புராணம். ஆனால் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது ரம்பம் மட்டும் இல்லை. 1996-ல் 911-ஐவிட விலை குறைந்த பாக்ஸ்டர் வந்தது. அதன் முன்பாதியும் முகப்பு விளக்கும் அடுத்து வந்த 911-லும் ஏறக்குறைய அப்படியே. டை செலவு இரண்டு காருக்கும் பங்கு. அந்த விளக்கைப் பொரித்த முட்டை என்று ஊரே கிண்டல் செய்தது. கிண்டல் செய்தவர்களும் வாங்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் சுஃபன்ஹவுசனில் இடம் போதாமல் பின்லாந்திலும் செய்ய வேண்டி வந்தது.

அந்த பாக்ஸ்டரின் பேரன்தான் நான் வாங்க நினைத்த 718. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-லேயே விற்பனையை நிறுத்தினார்கள். காரின் கணினியை யாரும் ஊடுருவாமல் பாதுகாக்க வேண்டும் என்ற புது விதிக்குப் பழைய மின்சுற்று ஒத்துவரவில்லை. 2025 அக்டோபரில் உற்பத்தியே நின்றது. மின்சார 718 தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. மேல்தர வகைகளுக்கு மறுபடி பெட்ரோல் இன்ஜின் உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். கவனியுங்கள், மேல்தர வகைகளுக்கு. இன்றைக்கு எங்கள் ஊரில் புதிதாக ஒரு போர்ஷே ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆரம்பத் தொகை 911-தான். அதிலும் அடிப்படை கரேராவுக்குக் கையால் போடும் கியர் கிடையாது. அது வேண்டுமானால் அடுத்த படிக்கு ஏற வேண்டும். இன்ஜின் சுற்றைக் காட்ட நடுவில் முள் ஓடும் சுற்றுமானி அறுபது வருஷமாக இருந்தது, அதையும் எடுத்துவிட்டுத் திரை வைத்துவிட்டார்கள். சாவி திருகும் இடத்தில் பட்டன்.

விலைப்பட்டியலில் ஏணியின் மேல்படி எவ்வளவு உயரம் என்பது பற்றி எனக்குக் கவலை இல்லை. கீழ்ப்படியைக் கழற்றி விறகாக்கிவிட்டார்கள் என்பதுதான் என் குறை. இதன் நஷ்டம் இந்த வருஷக் கணக்கில் தெரியாது. முப்பது வயதில் பாக்ஸ்டர் வாங்கியவர்தான் ஐம்பது வயதில் 911 வாங்குகிறவர். முப்பது வயதில் கடைக்குள்ளேயே வராதவர் ஐம்பதில் எங்கே போவார் என்று எந்த ஆண்டறிக்கையிலும் ஒரு வரி இருக்காது.

ஃபெராரியைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் இந்த ஆசை வந்தது என்பது என் ஊகம். அவர்கள் 2023-ல் விற்றது 13,663 கார். 2024-ல் 13,752. கூடுதலாக 89 கார்தான். வரவு மட்டும் 12 சதவீதம் போல ஏறியது. நூறு யூரோவுக்கு 28 யூரோ லாபம். கார் ஒன்றுக்கு ஒன்றேகால் லட்சம் யூரோவுக்கு மேல். ஆனால் அது கோயில் பிரசாதம் விற்கும் கடை. அளந்து கொடுத்தால்தான் மதிப்பு. மூன்று லட்சம் கார் விற்கும் கடை அதே மாதிரி அளந்து கொடுக்க நினைத்தால், வரிசையில் நிற்பவன் பக்கத்துக் கடை சுண்டலைப் பார்ப்பான். 2025 அக்டோபரில் அடுத்த சில வருஷத்துக்கான லாப மதிப்பீட்டைக் கொஞ்சம் அடக்கி வாசித்ததற்கே ஃபெராரியின் பங்கு ஒரே நாளில் 15 சதவீதம் சரிந்தது. பிரசாதக் கடைக்கே அந்தக் கதி.

நடுவில் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு வருஷத்துக்கு முன்னால், பல கம்பெனிக் கார்களை நிறுத்தி விற்கும் ஒரு டீலரிடம் (பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்) குறைந்த எண்ணிக்கையில் வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. யாரோ புதிதாக வாங்கி 200 கிலோமீட்டர்கூட ஓட்டாமல் விற்றிருந்தார். வாங்க இல்லை, சும்மா பார்க்கத்தான் போன் செய்தேன். போனில் ஒரு விலை சொன்னார். இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய் நின்றால் 9,000 யூரோ கூடுதலாக ஒரு விலை சொன்னார். காலையிலிருந்து நாலு பேர் கேட்டுவிட்டார்களாம். கம்பெனி விலையைவிட அது ஏற்கெனவே இருபதாயிரம் அதிகம். இப்படி நடப்பதைக் கம்பெனிக்காரனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நம் தோட்டத்து மாங்காயை ரோட்டுக்கடைக்காரன் இரட்டிப்பு விலைக்கு விற்றால் தோட்டக்காரனுக்குத் தூக்கம் வருமா? அடுத்த வருஷம் தானே விலையை ஏற்றுகிறான். இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வாங்கி ஓட்டாமல் விற்றவனைத் திட்டலாம் என்று தோன்றுகிறது.

மலிவாகக் கொடுத்தால் வாங்க ஆள் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. பிரிட்டனில் ஜிஆர்86-க்கு முதலில் ஒதுக்கியதெல்லாம் தொண்ணூறு நிமிஷத்தில் முன்பதிவாகிவிட்டது. ஆனால் 2024-ல் ஐரோப்பாவின் புதுப் பாதுகாப்பு விதிகளோடு அந்தக் காரும் இங்கிருந்து போய்விட்டது. மாஸ்டா விதிகளுக்கு ஏற்ற மாதிரி திருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் என்னுடைய 2 லிட்டர் இன்ஜின் இப்போது ஜெர்மனியில் புதிதாகக் கிடையாது, 1.5 மட்டும்தான். 2015-ல் 22,990 யூரோவில் தொடங்கிய கார் முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதையும் இளவட்டங்கள் யோசித்துத்தான் வாங்குகிறார்கள்.

வாங்கலாமா என்று கேட்டால்: இரண்டாவது காராக, இரண்டு பேர் வீட்டில், முதுகு நன்றாக இருந்தால், யோசிக்காமல் வாங்கலாம். 2018-க்குப் பிந்தைய 184 குதிரைத்திறன் வண்டி செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். பின்பக்கச் சட்டத்தில் துருவைப் பாருங்கள், குளிர்காலத்தில் உப்புச் சாலையில் ஓடிய வண்டியா என்று கேளுங்கள். கூரைத் துணியின் மடிப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். அதிக கிலோமீட்டர் ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம். ஓடாமல் நின்ற வண்டிக்குத்தான் பயப்பட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தாத்தாவின் பேரன் வந்தான். இருபத்திரண்டு வயது. தொழிற்பயிற்சி முடித்து இப்போது சுஃபன்ஹவுசனில் 911-க்குக் கதவு பொருத்துகிறான். ஒரு ஷிஃப்டில் எத்தனை கதவு என்று விரலால் எண்ணிக் காட்டினான், விரல் போதவில்லை. என் காரின் போர்வையை ஒரு ஓரத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை எப்பவாவது விக்கிறதா இருந்தா என்கிட்ட முதல்ல சொல்லுங்க. பதினேழாயிரம் வரைக்கும் என்னால புரட்ட முடியும்" என்றான்.

அவன் செய்யும் காரை வாங்க எவ்வளவு வருஷம் ஆகும் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. ஓட்டிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். நம்பர் பிளேட் ஏப்ரல் ஒன்றிலிருந்துதானே செல்லும் என்றான். ஆமாம், மறந்துவிட்டது. ஏப்ரல் நாலாம் தேதி சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சோலிட்யூட்டில் அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது.